ஆற்றுக்குக் கொடுத்த மாதம்

நீலாவதியைத் தேர்ந்தெடுத்ததற்கு அவளுடைய திறமை காரணமில்லை. ஆற்றுக் குழுவின் கூட்டம் வேலை நாளில், காலை நேரத்தில் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் சும்மா இருக்கும் ஆள் தூண்டில் கிளப்பில் அவள் ஒருத்திதான். விடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் அள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்டால், மதியம் பள்ளி விடும்வரை அவளுக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் நீலாய் பட்டணத்துத் தொழிற்சாலைகளிலும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து லோரிகளிலும் கிடப்பார்கள். ஆற்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட எவனும் தயாராக இல்லை.

"மலாயும் நல்லா பேசுது தங்கச்சி," என்றார் திருச்செல்வம். அவர்தான் கிளப் தலைவர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். "கோவம் வந்தா இன்னும் நல்லா பேசும்."

"அங்க போயி கோவப்படக் கூடாதுலா. அப்புறம் நாக்காலிய புடுங்கிருவான்," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

சிரித்தார்கள், கையைத் தூக்கினார்கள், முடிந்தது.

அந்த நாற்காலி லேசில் வந்ததில்லை. லாபு பக்கம் பிரிக்டன் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும் தெராப் ஆற்றுக்கு எப்போதும் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். தோட்ட நிர்வாகம் அதிலிருந்து தண்ணீர் இழுத்தது. மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் மீன்குஞ்சு விட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே கம்போங்கில், மலாய்க்காரர் கிராமத்தில், வலை போடுகிறவர்களையாவது கூப்பிட்டுப் பேசினார்கள், அது அவர்களுடைய பிழைப்பு என்பதால். தூண்டில் போடுகிறவனை யாரும் பொருட்டாக நினைத்ததில்லை. அவன் பொழுதுபோக்குக்காரன். அதிலும் தோட்டத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை வருவான், குடிப்பான், போத்தலைப் போட்டுவிட்டுப் போவான். ஆபீஸ்களில் அவனைப் பற்றி இருந்த எண்ணம் இதுதான். அது முழுப் பொய்யும் இல்லை.

லயங்களை இடித்து, கம்பெனி கட்டிக்கொடுத்த தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு எல்லோரும் மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. தோட்டத்து வேலையை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் செய்கிறார்கள். ஆற்றை மட்டும் இவர்கள் விடவில்லை. உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் புளிக்கவைத்து லம்பாம் மீனுக்கு இரையாகப் போடுவதும், வேகத் தண்ணீரில் தகட்டில் செய்த பொய் மீனை வீசி செபாரா மீனை ஏமாற்றுவதும் பையன்களுக்கு நடக்கப் பழகும்போதே வந்துவிடும். நீலாவதிக்கும் அப்படித்தான் வந்தது. பொம்பளைக்கு எதற்குத் தூண்டில் என்று கேட்டவர்கள், அவள் கை நீளச் செபாராவைக் கரைக்கு இழுத்துப் போட்ட நாளிலிருந்து, எந்த இடத்தில் போட்டாள் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

பிறகு மீன் குறைந்தது. முழு ஞாயிறும் உட்கார்ந்தால் நாலு லம்பாம், அதுவும் உள்ளங்கை அளவு. அந்தச் சமயத்தில்தான் ஆற்றுக் குழுவைத் திருத்தி அமைத்தார்கள். தூண்டில்காரர்களுக்கும் ஒரு நாற்காலி என்றார்கள். வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும் நாற்காலி இல்லை, வோட்டு உள்ள நாற்காலி. திருச்செல்வம் ஆபீஸுக்கு இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் பிரிக்டன் கிளப் நம்பியது. அதுவரை தங்களை யாரோ விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தார்கள்.

குழு எடுக்கப்போகும் முதல் முடிவு என்னவென்றும் சொல்லி அனுப்பினார்கள். மீன் குஞ்சு பொரிக்க வருஷத்தில் ஒரு மாதம் ஆற்றை மூடவேண்டும். அந்த மாதம் வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. எந்த மாதம் என்பதை ஒவ்வொரு தரப்பும் யோசித்துக்கொண்டு வரவேண்டும்.

பழைய ஆயாக்கொட்டாயில் கிளப் கூடியது. அந்தக் காலத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போன கொட்டகை அது. கம்பெனி இடிக்க மறந்துபோன ஒரே கட்டடம்.

"பெப்ரவரி குடுத்துருவோம்," என்றான் ஷங்கர். "அதுலதான் நாளு கம்மி."

"டேய், பெப்ரவரில சீனப் பெருநாளு லீவு வரும்டா. லீவுக்கு எங்கடா போறது, ஒங்க மாமியார் வீட்டுக்கா?"

"அப்ப ஆகஸ்டு."

"ஆகஸ்டுல தண்ணி வத்தும். தண்ணி வத்துனாத்தான் தோமான் மீனு மாட்டும்."

இப்படியே ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தடை வந்தது. ஒன்றையும் விட மனசில்லை. அப்போதுதான் நீலாவதி சொன்னாள்.

"புரட்டாசி."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஏறவில்லை. பிறகு திருச்செல்வம் தொடையில் அடித்துக்கொண்டார். பெருமாள் மாதத்தில் அந்தத் தாமானில் எந்த வீட்டிலும் மீன் சட்டி அடுப்பேறாது. தூண்டில்கள் அலமாரிக்கு மேலே படுத்துக்கொள்ளும். வேண்டுமென்றாலும் போட முடியாத மாதம். அதைத் தூக்கி ஆற்றுக்குக் கொடுத்தால் கையிலிருந்து ஒன்றும் போகாது, பெயர் மட்டும் வரும்.

"ஏய், இதுதான்லா மூளை!" என்றார் திருச்செல்வம். "நாங்களே முன்வந்து ஒரு மாசத்த விட்டுத்தரோம்னு சொல்லு தங்கச்சி. கொஞ்சம் மூஞ்சிய சோகமா வெச்சிக்க."

"அழுதுரு, அக்கா," என்றான் ஷங்கர்.

அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தம்பி தர்மேந்திரன் ஜோகூரிலிருந்து போன் பண்ணினான். பாசிர் கூடாங்கில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு மட்டும் வருவான். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கிளப் நடத்தும் தூண்டில் போட்டிக்காகவே வருவான் என்றும் சொல்லலாம். வெளியூர் போன பையன்கள் எல்லோரும் அதற்குத்தான் வந்து சேருவார்கள். போன தடவை முதல் பரிசு அவனுக்கு.

"அக்கா, நீ எந்த மாசத்த வேணும்னாலும் குடு. தீபாவளி மேல மட்டும் கைய வெச்சிடாத."

"வெக்கலடா. புரட்டாசியத்தான் குடுக்கறேன்."

அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கூட்ட அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. மேசையில் தண்ணீர்ப் போத்தலும் கறிபாப் பலகாரமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஓர் அட்டை. அவளுடைய அட்டையில் 'தூண்டில்காரர் பிரதிநிதி' என்று மலாயில் அச்சிட்டிருந்தது. அவள் அதை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் அதுவே இருந்தது.

எதிரே கம்போங் வலைக்காரர்களின் தலைவர் பாக் இத்ரிஸ். ஒல்லியான கிழவர், சொங்கோக் தொப்பி. ஒரு தடவை அவள் தூண்டில் முள் அவர் வலையில் சிக்கி, இரண்டு பேரும் ஆற்றின் இரண்டு கரையிலும் நின்று தொண்டை கட்டும்வரை திட்டிக்கொண்டார்கள். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை என்பது அவர் தலையசைத்த விதத்தில் தெரிந்தது. பக்கத்தில் தோட்டக் கம்பெனி ஆள். தலைமை நாற்காலியில் மீன்வள அதிகாரி என்சிக் ஹைகல், இளம் வயது, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

பேச்செல்லாம் மலாயில்தான். ஹைகல் சுற்றி வளைக்கவில்லை. "மற்ற பெரிய ஆறுகளைப் பற்றி எங்களிடம் ஆய்வு இருக்கிறது. இந்த ஆற்றைப் பற்றி இல்லை. செய்யப் பணமும் இல்லை. அதனால் ஆற்றில் இறங்குகிறவர்களையே கேட்கிறோம். தெரிந்தே தவறான மாதத்தை யாராவது சொன்னால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. எந்த மாதம்?"

நீலாவதி முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் அவளுக்கு வராது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை தூண்டில் போடாமல் இருக்க எங்கள் கிளப் தயார் என்று மட்டும் சொன்னாள்.

ஹைகல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வேறு ஆறுகளிலும் இந்தக் கூட்டம் நடத்தியிருக்கிறேன். தூண்டில்காரர்கள் தங்களை விட்டுவிடச் சொல்லித்தான் கேட்பார்கள். முதல் தடவை வந்து உட்கார்ந்து, முதல் ஆளாகக் கொடுக்கிறவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்." கம்பெனி ஆள் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் கைதட்டி அவள் கேட்டதில்லை. அவள் கறிபாப் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நன்றாக இருந்தது.

பாக் இத்ரிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த மாதத்தில் எங்களுக்கு ஒரு மீன்பிடிப் போட்டி உண்டு," என்றார். "செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் சூராவ் தொழுகைக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது. வசூல் அதில்தான் வரும்."

"அப்படியானால் வேறு மாதம் பார்க்கலாமா?" என்றார் ஹைகல்.

"இல்லை." கிழவர் நீலாவதியைப் பார்த்தார். "தோட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்குத் தூண்டில் போடுகிறவர்கள். அவர்களே ஒரு மாதத்தை விடுகிறார்கள். நாங்கள் அந்த ஆற்றில் பிழைக்கிறவர்கள், பின்னால் நிற்க முடியுமா? போட்டியை விட்டுவிடுகிறோம். கூரையை வேறு விதமாகப் பார்த்துக்கொள்கிறோம்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், அக்கா என்று மரியாதை கொடுத்து, "காக் நீலா, அன்றைக்கு உன்னைக் கரையில் வைத்துத் திட்டினேன். மனசில் வைத்துக்கொள்ளாதே," என்றார்.

கறிபாப் அவள் வாயில் அப்படியே நின்றது.

ஏமாற்ற வந்தது இந்த ஆளை இல்லை. ஏமாற்ற வந்தது ஆபீஸை. ஆபீஸை ஏமாற்றுவதில் பிரிக்டனில் யாருக்கும் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆபீஸும் இவர்களை அப்படித்தான் நடத்தியிருக்கிறது. ஆனால் இங்கே ஒருவன் வெளிப்படையாக எனக்குத் தெரியாது என்கிறான், இன்னொருவர் அவளுடைய பொய்யை நம்பித் தன் சூராவ் கூரையை எடுத்து மேசையில் வைக்கிறார்.

"சரி. ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம்," என்றார் ஹைகல்.

கைகள் எழுந்தன. பாக் இத்ரிஸின் கை முதலில். நீலாவதியின் கையும் பாதி தூரம் வந்துவிட்டது. அந்தக் கையை அப்படியே மேசையில் அடித்தாள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று உருண்டது.

"பொறுங்கள். அது எங்களுடைய விரத மாதம்," என்றாள். "அந்த மாதம் நாங்கள் மீன் தொடமாட்டோம். தூண்டிலை வெளியே எடுக்கவே மாட்டோம். இவர் நினைக்கிற மாதிரி நாங்கள் எதையும் விட்டுத்தரவில்லை. சாமிக்குக் கொடுத்ததையே உங்களுக்கும் கொடுத்ததாகக் காட்ட வந்தேன்."

 கம்பெனி ஆள் மேசையைப் பார்த்துக்கொண்டான். பாக் இத்ரிஸ்தான் முதலில் உடைந்தார். தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டுச் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். "கெட்டிக்காரி! என் கூரையையே பிடுங்கப் பார்த்தாளே!"

ஹைகல் சிரிக்கவில்லை. "அப்படியானால் எந்த மாதம்?" என்றார்.

இதற்கு அவள் தயாராக வரவில்லை. ஆனால் பதில் வெகுநாளாகவே அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமில்லை, கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிப் போட்டியில் பிடித்த மீனை வெட்டும்போது வயிறு நிறையச் சினை இருக்கும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் போட்டு அந்தச் சினையைப் பொரித்துத் தின்னாமல் அங்கே தீபாவளி கிடையாது. மழை பிடித்ததும் மீன் மேலே ஏறும். ஏறுகிற மீனை வழிமறித்துப் பிடிப்பதற்குத்தான் போட்டி என்று பெயர். வருஷம் முழுக்க மீன் இல்லை மீன் இல்லை என்று புலம்பிவிட்டு, முட்டையோடு வருகிறதைச் சட்டியில் போட்டார்கள். ஒருவரும் இரண்டையும் சேர்த்துப் பேசியதில்லை. பேசினால் தின்ன முடியாது.

"அதற்கு அடுத்த மாதம்," என்றாள். "அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. அப்போதுதான் சினை. எங்கள் பண்டிகையும் அப்போதுதான். நாங்கள் அதிகமாகப் பிடிப்பதும் அப்போதுதான்."

பாக் இத்ரிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வலையிலும் அப்போதுதான் சினை மீன் விழும்," என்று ஒத்துக்கொண்டார். "நானும் சொல்லாமல்தான் இருந்தேன்."

"உங்கள் கிளப் இதற்குச் சம்மதித்ததா?" என்று கேட்டார் ஹைகல்.

"இல்லை."

"போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம். அதில் தவறில்லை."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு எவனாவது லீவு போட்டுவிட்டு வந்து உட்காருவான், பெப்ரவரி என்பான். நாற்காலி கிளப் கொடுத்தது. கை அவளுடையது. தூக்கினாள்.

அன்று ஆயாக்கொட்டாயில் நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது.

"புரட்டாசி முடிஞ்ச மறுநாளே ஆத்துக்குப் பூட்டு! ரெண்டு மாசம்லா, மொத்தமா ரெண்டு மாசம்!"

"கம்போங்காரன் போட்டிய காப்பாத்திக் குடுத்துட்டு நம்ம போட்டிக்குக் குழி வெட்டிட்டு வந்திருக்கு!"

"பொம்பளைய அனுப்பினா இப்படித்தான்," என்றான் புனிதன்.

நீலாவதி அவன் பக்கம் திரும்பினாள். "ஆம்பள நீ ஒரு நாளு லீவு போட்டுட்டுப் போயிருக்கலாமே. ஏன் போகல?"

 திருச்செல்வம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவள் பக்கம் திரும்பினார்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும் நீ."

"ஆமாண்ணே. கேட்டிருக்கணும். கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னு சொல்லியிருப்போம்."

"அதான் கேக்கல."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"பாலம் கட்டறேன்னு மண்ண ஆத்துல தள்ளினப்ப நம்மள கேட்டாங்களா?" என்றாள் நீலாவதி. "மருந்து அடிச்சி தண்ணி பச்சையா போனப்ப கேட்டாங்களா? நம்ம தாத்தா காலத்துலருந்து இந்தக் கரையில நிக்கறோம், ஒருத்தன் கேட்டதில்ல. இப்பத்தான் மொத தடவ கூப்பிட்டு ஒக்கார வெச்சிக் கேக்கறான். மொத தடவ கேக்கறப்பவே பொய்யச் சொல்லணுமா? சினைய வறுத்து வறுத்துத் தின்னோமே, அது எந்த மாசம்னு இங்க எவனுக்காச்சும் தெரியாதா? தெரியாதவன் கையத் தூக்கு."

ஒருவனும் தூக்கவில்லை.

"ஆள மாத்துங்கண்ணே," என்றான் புனிதன்.

"மாத்தலாம்," என்றார் திருச்செல்வம். "இப்பவே மாத்தலாம். ஆனா சட்டம் மாறாது. அதுல நம்ம கையும் இருக்கு. நம்ம கை தூக்கின சட்டத்த நாமளே மீறினா, அந்த நாக்காலியில இனிமே நம்மள ஒருத்தனும் ஒக்கார விடமாட்டான். விடவும் கூடாது." எழுந்து நின்றார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "இந்த வருஷம் போட்டி இல்ல. ஆறு தெறக்கறவரைக்கும் கரையில முறை போட்டு நிப்போம். யாரும் தூண்டில் போடாம பாத்துக்கணும். புடிக்காதவன் கிளப்ப விட்டுப் போலாம்."

புனிதன் போனான். அவனோடு இன்னும் சிலரும் போனார்கள். திருச்செல்வம் அவளிடம் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் லோரி வேலை முடிந்ததும், ஆறு மூடியிருக்கிறது என்று எழுதிக் கரையில் நட, தன் கையாலேயே பலகை அறுத்தார்.

தர்மேந்திரனிடம் அவளே போன் பண்ணிச் சொன்னாள். வேறு யார் வாயிலாவது கேட்கக் கூடாது.

"என்னா அக்கா நீ. எனக்கு வருஷத்துல ஒரு தடவ."

"தெரியும்."

"தெரிஞ்சி செஞ்சியா?"

"தெரிஞ்சிதான் செஞ்சேன்."

போனை வைத்துவிட்டான். பிறகு பேசவே இல்லை.

அக்டோபர் நடுவில் ஆறு மூடியது. மழை சரியாக வந்தது. வாரக் கடைசிகளில் திருச்செல்வத்தின் ஆட்கள் ஒரு கரையிலும், பாக் இத்ரிஸின் ஆட்கள் மறுகரையிலும் நின்றார்கள். சிரம்பானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். முறை முடிந்ததும் வலைக்காரர்களும் தூண்டில்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தார்கள் என்று யாராவது ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் உதைத்திருப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் தர்மேந்திரன் வந்தான். கையில் உறை பிரிக்காத புதுத் தூண்டில். அதை வாசலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சாத்தி வைத்தான். அக்கா போட்ட சோற்றைத் தின்றான். அக்காவோடு பேசவில்லை. அவளும் தூண்டிலைப் பற்றிக் கேட்கவில்லை.

தீபாவளியன்று கரையில் நிற்க ஆள் இல்லை. எண்ணெய்க் குளியலும் ஆட்டுக்கறியும் இருக்கும்போது எவன் போய் ஆற்றைக் காப்பான்? மதியத்துக்கு மேல் விருந்தாளிகள் குறைந்ததும் தானே ஒரு நடை பார்த்துவிட்டு வரலாமென்று நீலாவதி வெளியே வந்தாள். வாசலில் தூண்டில் இல்லை. தர்மேந்திரனும் இல்லை.

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. புதுச் சேலையோடு செம்பனை வரிசைகளுக்குள் புகுந்து ஆற்றுப் பக்கம் நடந்தாள். முந்தின நாள் மழையில் மண் வழுக்கியது. என்ன செய்வது என்று நடந்துகொண்டே முடிவெடுத்தாள். அவன் தூண்டில் போட்டிருந்தால் என்சிக் ஹைகலுக்குப் போன் பண்ணுவாள். தம்பி என்று சொல்லியே புகார் கொடுப்பாள். கிளப்பின் நாற்காலி அவன் ஒருத்தனால் போகக் கூடாது. பிறகு அவன் அடுத்த வருஷம் வரமாட்டான், அதற்கடுத்த வருஷமும் வரமாட்டான். ஹைகலின் போன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, விரலைப் போனில் வைத்தபடியே கரைக்கு ஏறினாள்.

கரையில் ஒரு பெரிய வண்டி நின்றிருந்தது. கிளப் நட்ட பலகையைச் சாய்த்துக்கொண்டு நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர், கிள்ளான் பக்கத்துத் தமிழர்கள், ஐஸ் பெட்டியும் தூண்டில்களுமாக இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே தர்மேந்திரன் நின்றுகொண்டிருந்தான். புதுத் தூண்டிலை உறையோடு குறுக்கே பிடித்திருந்தான்.

"டேய், பெருநாளும் அதுவுமா வம்பு பண்ணாத தம்பி. ரெண்டு வீச்சு வீசிட்டுப் போயிருவோம்."

"ஒரு வீச்சும் கெடையாது. ஆறு மூடியிருக்கு."

"யாரு மூடினா?"

"எங்கக்கா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒங்கக்கா யாருலா, மந்திரியா?"

"ஆத்துக் கமிட்டி மெம்பர். இந்த ஆத்துக்கு வோட்டு போடறது எங்கக்கா. இது எங்கக்கா போட்ட சட்டம். வண்டிய எடு."

"நீயே கையில தூண்டில் வெச்சிருக்க, எங்களுக்குச் சட்டம் பேசறியா?"

"வெச்சிருக்கேன். ஒறையில இருக்குது பாரு. கண்ணு தெரியுதுல்ல?"

இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார்கள். தர்மேந்திரன் அசையவில்லை. கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவனின் தோள் அவனுக்கு. கடைசியில் ஐஸ் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, தோட்டத்துப் பயல்களுக்கு வந்த வாழ்வைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்கள்.

வண்டி போன பிறகுதான் அவன் அக்காவைப் பார்த்தான். பார்த்ததும் முகம் மறுபடி இறுகியது.

"சிரிக்காத. நான் தூண்டில் போடத்தான் வந்தேன்," என்றான். "இவனுங்க எனக்கு முன்னாடியே வந்து நிக்கறானுங்க. எங்கிருந்தோ வந்து, எங்கக்கா பேரு போட்ட ஆத்துல வீசுவானாம்."

"பேரெல்லாம் போடலடா."

"போட்ட மாதிரிதான்." தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "ஆனாலும் நீ செஞ்சது தப்புக்கா. சொல்லிட்டேன்."

"சரி."

"ஆறு எப்பத் தெறக்குது?"

"இந்த மாசம் நடுவுல."

"அப்ப நான் ஜோகூர்ல இருப்பேன்."

"ஆமா. இருப்ப," என்றாள் நீலாவதி.  விரலைப் போனிலிருந்து எடுத்து, போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த பலகையை நிமிர்த்தினாள். கம்பு மண்ணில் நிற்காமல் ஆடியது.

"விடு, ஒனக்கு வராது," என்றான் தர்மேந்திரன். தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, கரையிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து வந்தான். அவள் பிடித்துக்கொள்ள, அவன் அடித்து இறக்கினான்.